பட்டப்பகலில் ஒரு சவாசனம்

"படுத்துக் கெடக்குறதுக்காட்டி உன்ன அம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சிருக்கேன்?"

கைபேசியில் அம்மா இப்படிக் கேட்டபோது நான் விடுதியின் மொட்டைமாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் காலை யோகா வகுப்புக்குப் போகிறேன், கடைசியில் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருக்கச் சொல்கிறார்கள், அதற்குச் சவாசனம் என்று பெயர் என்று சொன்னேன். அதற்கு வந்த பதில் அது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த ஒற்றை அறை வீடுகளில், பகலில் படுப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று காய்ச்சல்காரர்கள், மற்றது குடித்தவர்கள். அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அதனால் அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே சந்தேகம் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் கிடையாது, கொஞ்சம் திமிர்தான். தமிழ் மீடியத்தில் படித்து, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத்துக்கு இடம் வாங்கினேன். லயத்தில் எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள். அந்த முகங்களையெல்லாம் தூக்கிக்கொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மேசைக்கு அடியில், சாப்பாட்டு அறையில், தூங்கப் போகும்போதுகூட. பரீட்சை நெருங்கினால் சோறு இறங்காது. யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பிறகுதான் காது கேட்கும்.

யோகா வகுப்புக்கு என்னை இழுத்துப் போனவள் என் வகுப்புத் தோழி. நல்லேப்பிள்ளியில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண். தினமும் பேருந்தில் வந்து போவாள். என் கால் ஆடி ஆடி அவளுடைய எழுத்தெல்லாம் கோணிப் போகிறது என்பது அவள் புகார்.

"குனிஞ்சு நிமிர்றதுக்கெல்லாம் வகுப்பா? எங்க தோட்டத்துல அதுக்குக் கூலி தருவாங்க" என்றேன்.

"அப்பக் கூலியில்லாமக் கொஞ்ச நாளைக்குக் குனியி. வா புள்ள" என்றாள்.

குனிவதும் வளைவதும் எனக்குச் சுலபமாக இருந்தது. மலையில் ஏறி இறங்கி வளர்ந்த உடம்பு. மூச்சை இழுத்து மெதுவாக விடுவதும் பழகிவிட்டது. கடைசியில் படுக்கச் சொல்லும்போதுதான் முடியவில்லை. படுத்த உடனே விரல் தரையைத் தட்டும். இமைக்குள் கண் ஓடும். துணி துவைக்கவில்லை, குறிப்பு எழுதவில்லை, அம்மா இந்நேரம் எந்த மலையில் நிற்பாள், நான் இங்கே கிடக்கிறேனே என்று வரிசையாக வரும்.

"ஏம்புள்ள, பொணமாட்டக் கெடன்னா பஸ்ஸுல போறவளாட்ட ஆடிட்டே கெடக்கற? எங்கூட்டு எருமகூட இதுக்குச் சும்மா கெடக்கும்" என்று தோழி பக்கத்துப் பாயிலிருந்து கிசுகிசுப்பாள். இரண்டு பேரும் சிரித்துத் திட்டு வாங்குவோம்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கருத்தரங்கு வந்தது. ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. எனக்குத் தேயிலைச் சந்தை விலை பற்றிய தலைப்பு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். திரையில் முதல் படம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள், பச்சை மலை, மேலே நீலம். பின்வரிசையில் யாரோ, "எந்து பங்கியாணு" என்றார்கள். எவ்வளவு அழகு என்று உண்மையாகவே ரசித்துச் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தேன். மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டைக்குக் கீழே யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது. டீச்சர் எழுந்து வருவது தெரிந்தது. நான் வகுப்பைவிட்டு வெளியே நடந்துவிட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. படிப்பு விடுமுறை முடிந்து வந்ததும், இன்னும் பேசாதவர்களோடு சேர்ந்து இன்னொரு முறை பேசலாம் என்றார். தலையாட்டினேன். மனசுக்குள் அந்தக் கல்லூரியை அன்றைக்கே விட்டுவிட்டேன். விடுதி அறையில் இருந்த எல்லாவற்றையும் கட்டினேன். தலையணையை, போர்வையை, கடைசியில் குளிக்கும் வாளியையும்கூட. தோழி பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். வாளியைப் பார்த்துவிட்டு அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"படுக்கறதுக்கு என்ற குரல்லயே சொல்லி அனுப்பியிருக்கறேன். போன்ல போட்டுக் கேளு. அத மட்டும் உட்டுறாத" என்றாள்.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் குறுக்கே கடப்போம். பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று மாறி மாறி ஏறி, கம்பம்மெட்டு வழியாக மறுபடி மலைக்குள் நுழைய வேண்டும். வழியெல்லாம் காலுக்கு நடுவில் வாளியை வைத்திருந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொய் தயாரித்தேன். அடுத்த ஊரில் அது பிடிக்காமல் போனது.

வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பொய்களில் ஒன்றும் தேவைப்படவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. விடியும்போது மலைக்குப் போனாள், சாயங்காலம் வந்தாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு. பகல் முழுக்க நான் தனியாக வீட்டுக்குள்ளே சுற்றினேன். அடுப்பைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். யாராவது "லீவு எம்புட்டு நாளு?" என்று கேட்டுவிடுவார்கள் என்று குழாயடிக்கே போகவில்லை.

நாலைந்து நாள் கழித்து, ஒரு முற்பகலில், இனி சுற்ற முடியாது என்று தோன்றியது. தோழியின் குரல் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் விறகுப் புகை. வெளியே அபூர்வமாக வெயில். வாசலில் பாயை விரித்தேன். காதில் இயர்போனை மாட்டினேன். வெயில் கூசாமல் இருக்க, வகுப்பில் செய்வது போல, வெள்ளைத் துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டேன். துண்டு பெரியது, மூக்கு வரை மூடியது.

தோழியின் குரல் வந்தது. "காலு வெரல லேசா உடு. மொழங்காலு. இடுப்பு. எதையும் புடிச்சு வெக்காத புள்ள." கொஞ்ச நேரம் விரல் தட்டியது. பிறகு எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெயில் உள்ளங்கையில் விழுந்து கிடந்தது. கை என்னுடையதுதான், அதற்கு வேலை எதுவும் இல்லை. வகுப்பில் ஒரு நாளும் முடியாதது அன்றைக்கு முடிந்தது. நான் அசையாமல் கிடந்தேன்.

அந்த இரண்டு வருட விடுதி வாழ்க்கையில் நான் ஒன்றை மறந்துபோயிருந்தேன். எங்கள் லயத்து வீடுகள் சின்னவை. யாராவது இறந்துவிட்டால் உள்ளே வைத்துப் பத்துப் பேர் சுற்றி உட்கார இடமிருக்காது. அதனால் வாசலில் பாய் விரித்துக் கிடத்துவார்கள். வாசலில் வேறு எதற்காகவும் யாரும் பாய் விரிப்பதில்லை. குழந்தைகள் பாயைக் கொண்டுவந்தால்கூட அடி விழும்.

தாய்மார்கள் மலைக்குப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைப்புரை, எங்கள் வரிசைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அத்தை தண்ணீருக்காக இறங்கி வந்திருக்கிறார். பாயைப் பார்த்திருக்கிறார். வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான் தோழியின் குரலில் இருந்தேன். அத்தை பக்கத்தில் வரவில்லை. பயம். மேட்டில் ஏறி மலையைப் பார்த்துக் கூவினார். கொழுந்துக்காட்டில் கைபேசி எடுக்காது, அவசரச் சேதி என்றால் இன்றைக்கும் கூவல்தான்.

"ஓடியாங்கடீ! நம்ம புள்ள வாசல்ல கெடக்காடீ!"

கண்மேலிருந்த துண்டோடு காதிலிருந்து இயர்போனும் பிய்ந்து போனதுதான் எனக்குத் தெரிந்த முதல் விஷயம். கண்ணைத் திறந்தால் அம்மாவின் முகம் என் முகத்தோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் கொழுந்துச் சாக்கு அப்படியே. அவள் என்னை உலுக்கி எழுப்பவில்லை. என் தாடையைப் பிடித்துத் திறந்து வாயை முகர்ந்து பார்த்தாள். ஒரு முறை பார்த்தது போதாமல் மறுபடியும் பார்த்தாள்.

அவள் பூச்சிமருந்து வாடையைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது.

"யம்மா, யோகாம்மா" என்றேன். வேறு எதுவும் வரவில்லை.

அம்மா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு சாக்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொழுந்து வாசலெல்லாம் கொட்டியது. பின்னால் மூச்சிரைக்க ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி ஏற்கெனவே தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். கடைசியில் அவள்தான் முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, "ஏட்டி, சாவு வீடுன்னு பாதிக் கொழுந்த மலையிலயே போட்டுட்டு ஓடியாந்திருக்கோம். கட்டஞ்சாயாவாவது போடுட்டி" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய்ப் பாலில்லாத அந்தச் சாயாவைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "லீவுக்கு வாறவ வாளியத் தூக்கிட்டா வருவா?"

"எப்பப் பாத்த?"

"வந்த அன்னைக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா இனி போகமாட்டேன்னு சொல்லிருவ. அதான் கேக்கல." தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், கால் எப்போதோ சுத்தமாகிவிட்டது. "போன்ல காட்டுறான், காலேஜுப் பிள்ளைங்க ஒவ்வொண்ணும் என்னென்னமோ செஞ்சுக்கிதுன்னு. நீ பேசாமச் சுத்துற. எனக்கு மலையில கை ஓடல."

சொன்னேன். முன்னால் நின்றால் மூச்சு அடைக்கிறது, எல்லாரும் என்னை நம்பி இருக்கிறார்கள், தோற்றால் இந்த லயத்தில் எப்படி நடப்பேன் என்று எல்லாம்.

"எதப் பத்திப் பேசணும்?"

"தேயில வெல பத்தி."

"அத நாங்களே பேசுறதில்லயே" என்றாள் அம்மா. பிறகு, "லயத்துக்காரி எவளும் உன்ன நெனச்சுத் தூங்காம இல்லட்டி. அவளவளுக்கு அவளவ பாடு. எனக்கு நீ இருக்கணும். படிக்கதும் படிக்காததும் பொறவு" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது குத்தியது. யாரும் என்மேல் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை என்றால், இத்தனை நாளும் நான் சுமந்தது யாரை? என் திமிருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எழுந்து வாசலில் நடந்தேன். சிந்திய கொழுந்து அங்கங்கே வாடிக் கிடந்தது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. போகாமல் இருந்தால், யாருக்காகவும் அல்ல, எனக்கே பொறுக்காது.

மறுநாள் காலை புறப்படும்போது அம்மா, "இன்னைக்கும் படுப்பியா? படு. உள்ள படு. எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள். உள்ளே பாயை விரித்துக் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் எதிர்மலையிலிருந்து ஒரு கூவல் வந்தது. "படுத்தாச்சாடீ?" இன்னொரு குரல், "மூச்சு இருக்கான்னு பாருங்கடீ!" அன்றைக்குச் சவாசனம் நடக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஒரு தரம் அசையாமல் கிடந்ததால் பயம் போய்விடவில்லை. இன்றும் போகவில்லை. ஆனால் மூச்சு அடைக்கும்போது அது மறுபடி திறக்கும் என்று இப்போது என் உடம்புக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் லயத்தில் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று டீச்சரை அழைத்தேன். திங்கட்கிழமை முதல் ஆளாக நான் பேசுகிறேன் என்றேன்.

"மோளே, லாஸ்ட் ஆயிட்டு மதி. டென்ஷன் குறையும்" என்றார். கடைசியாகப் பேசினால் போதுமே என்று.

"கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா நான் ஓடிருவேன் டீச்சர்."

அவர் சிரித்துவிட்டு, சரி என்றார். பட்டியலில் முதலில் என் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வாளி மறுபடி என் காலுக்கு நடுவில் இருந்தது. அம்மா அதற்குள் அவலும் ஒரு பொட்டலம் தேயிலையும் வைத்திருந்தாள். கால் ஆடியது. வாளியின் கைப்பிடி அதற்கு ஏற்ப டணடணவென்று தட்டியது. பக்கத்து இருக்கை அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்று கிளம்பியது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் பரந்து கிடந்தது. மூச்சை இழுத்தேன், மெதுவாக விட்டேன், என் முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னம்மா?" என்றார் அந்த அக்கா.

"உங்களையில்லக்கா" என்றேன். இரண்டாவது வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன்.