பொறுப்பில்லாத துணைத்தலைவர்

பக்கத்து வீட்டு இத்தாலியருக்குத் தன் நாட்டு அமைச்சரவை மாறும்போதெல்லாம் வேலிக்கரைக்கு வந்தாக வேண்டும். இந்த முறை எந்தக் கட்சிக்கு நிதி, எதற்கு உள்துறை, யார் கோபித்துக்கொண்டு போனார் என்று விரல் மடக்கி விளக்கினார். கொடுக்க அமைச்சே மிஞ்சாத கூட்டாளியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். இலாகா இல்லாத மந்திரி ஆக்கிவிடுவார்களாம். மேசையில் நாற்காலி உண்டு, பேசலாம், கை உயர்த்தலாம். அமைச்சு மட்டும் கிடையாது.

இலங்கையில் அரசாங்கச் சுற்றறிக்கைகளோடு குடும்பம் நடத்தியவன் நான். இந்த அழகான ஏற்பாட்டை வீணாக்க மனம் வரவில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் முதியோர் சங்கம் அப்போது இரண்டாக உடைந்திருந்தது. சீட்டாடுபவர்கள் ஒரு கட்சி, பஜனை பாடுபவர்கள் மறு கட்சி. ஒரே நிர்வாகக் குழுவாக வராவிட்டால் செவ்வாய்க்கிழமை அறையை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று சமூக நிலையம் சொல்லிவிட்டது. அறை போனால் செவ்வாய் முழுக்க நான் மனைவிக்குப் பின்னால் பிளாசா பிளாசாவாகக் கடை வண்டில் தள்ள வேண்டும்.

ஆகவே கூட்டணி அமைத்தேன். தலைவர் பதவி பஜனைக்கு. பொருளாளர் பதவி சீட்டுக்கு. அதிலுள்ள ஆபத்தை யாரும் யோசிக்கவில்லை. செயலாளர், எந்தக் கட்சியையும் சாராத நிபுணர். அது நான்.

மிஞ்சியவர் ஒரு அண்ணை. அவர், மனைவி, இரண்டு மச்சான்மார் என நான்கு வாக்குகள். இரு பக்கமும் சமமாக நின்றதால் அவரில்லாமல் குழு இல்லை. பதவியில்லாமல் அவர் இல்லை. ‘இலாகா’ தமிழ்ச்சொல்லா என்று பஜனைக் கட்சி சண்டை பிடிக்கும் என்பதால், பொதுக்கூட்டத்தில் நல்ல தமிழில் அறிவித்தேன்.

“அண்ணை, பொறுப்பில்லாத துணைத்தலைவர்.”

“உது இப்பதான் தெரிஞ்சதோ?” என்றார் அவருடைய மனைவி. சீட்டுக் கட்சி மேசையில் தட்டிச் சிரித்தது.

அண்ணை எழுந்தார். “ஆரைத் தம்பி பொறுப்பில்லாதவன் எண்டு சொல்லுறாய்? மூண்டு பிள்ளையளைப் படிப்பிச்சு ஆளாக்கினனான்!”

“அண்ணை, இது இத்தாலி முறை.”

“அப்ப இத்தாலிக்காரரை வைச்சுச் சங்கம் நடத்து. எழும்புங்கோடா!”

மச்சான்மார் குளிர்க்கோட்டுகளை எடுத்தார்கள். கதவருகே நிலைய மேலாளர், முடிவு கேட்க நின்றிருந்தார். எனக்கு இப்போதே கடை வண்டிலின் சில்லுச் சத்தம் கேட்டது.

“அண்ணை, வாய் தவறிவிட்டது. முழுப் பொறுப்புத் துணைத்தலைவர்!”

“அப்பிடிச் சொல்லு” என்று உட்கார்ந்தார். நான்கு கைகளும் உயர்ந்தன. அறை தப்பியது.

எதற்கு முழுப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அதனால் அண்ணை எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொண்டார். தேத்தண்ணீர், கதிரை, கூட்ட அறிக்கை, எதைத் தொடப் போனாலும், “உது என்ர பொறுப்பு, நீ இரு தம்பி” என்கிறார். எனக்கு மேசையில் நாற்காலி உண்டு. பேசலாம், கை உயர்த்தலாம்.

இதை வீட்டில் சொன்னது பிழையாகப் போய்விட்டது.

“உங்களுக்கு அங்கை ஒரு வேலையும் இல்லையெண்டால்,” என்றாள் மனைவி, “வாற செவ்வாய் என்னோடை கடைக்கு வாங்கோ.”