பூசை நாளில் திறந்திருந்த பட்டறை

எந்தக் கார் வந்தாலும் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் சிராஜ் அதன் பின்பக்கம் போய்க் குத்தவைப்பான். சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். சூடான காற்று கையில் தட்டித் தட்டி வரும். நல்ல இன்ஜின் என்றால் தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி ஒரே சீராக இருக்கும். ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்த ஒரு தட்டு மட்டும் வராது. கை காத்துக்கொண்டே இருக்கும்.

கப்பலூரில் அவன் வேலை பார்த்த பட்டறை அவன் மாமனார் சேக் இஸ்மாயிலுடையது. குடியிருந்த மாடியும் அவருடையதே. மதுரைக்குள்ளிருந்து காலையில் வருவதும் பொழுதடைந்து திரும்புவதும் அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் சிக்கல். திட்டியிருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பான்.

டி. கல்லுப்பட்டியில் பேயாண்டி என்பவரிடம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தனியாகத் தொழில் பார்க்கத் தோதான இடம். ஆயுத பூஜையன்று பொழுது சாய்வதற்குள் வந்து சாவியை வாங்கிக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விஷயம் மனைவி நிலோபருக்கு மட்டும் தெரியும். சாவி கைக்கு வரட்டும், அத்தாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றிருந்தாள்.

அன்று அக்கம்பக்கத்துப் பட்டறைகளெல்லாம் பூசை போட்டுப் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தது இது ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிநேகிதன் வீட்டைச் சாக்குச் சொல்லிக் கிளம்பலாமென்று சிராஜ் கை கழுவிக்கொண்டிருந்தபோது, டாக்ஸி ஓட்டுகிற ராஜபாண்டியின் கார் வாழைக்கன்றும் சந்தனப் பொட்டுமாகக் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது.

"நம்ம ஆளு மாப்ள, பாத்து விட்ருங்க," என்றார் சேக் இஸ்மாயில்.

மூன்று சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறி கிளப்ப ஒரு காயில். மூன்றாவது எரியவில்லை. சிராஜ் அதன் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டி, முதலாவதை மூன்றாவதில் போட்டு ஓடவிட்டான். நோவும் கூடவே இடம் மாறியது. போனது காயில்தான். பிளக் குழிக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தேங்கி நின்றது.

"காரைக் குளிப்பாட்டுனீங்க, சரி. இன்ஜினுக்கும் சேத்தாண்ணே தலைக்கு ஊத்துனீங்க?"

"சாமிக்கு முன்னால அழுக்கோடயா நிறுத்தச் சொல்றீங்க பாய்?"

காற்றடித்து உலர்த்தி, பட்டறையில் இருந்த ஒரே புதுக் காயிலை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். திருமங்கலம் சாலையில் பாதி தூரம் போவதற்குள் மறுபடி குலுக்கல். இரண்டாவது சிலிண்டரின் காயிலுக்குள்ளும் ஈரம் இறங்கியிருந்தது.

உதிரிபாகக் கடைகளும் அன்று அடைப்பு. டவுனில் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு, சேக் இஸ்மாயில் தானே ஸ்கூட்டரை எடுத்தார்.

"நான் போயி வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் பட்டறையப் பாத்துக்கங்க மாப்ள."

எனக்கு ஒரு வேலை இருக்கிறது மாமா என்று சொல்ல வாய் திறந்தான். ஆனால் தலை சரியென்று தன்னால் ஆடியது. பட்டறைப் பூட்டின் சாவியும் அவர் இடுப்போடு போயிற்று.

நாற்கரச் சாலையில் கல்லுப்பட்டி வழியாகப் போகிற பஸ் ஒன்று கடந்தது. பிறகு இன்னொன்று. கிரீஸ் துணியால் துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கயும் போகணுமா பாய்? ரோட்டையே பாக்குறீங்க."

"எங்க போறேன்… சும்மாத்தாண்ணே."

வெயில் இறங்கிக் கூரைத் தகரத்தின் சூடு தணிந்த பிறகு மாமனார் வந்தார். கையில் காயிலும், மருமகன் பசியோடு இருப்பானே என்று ஒரு பரோட்டாப் பொட்டலமும். காயிலை மாட்டியதும் இன்ஜின் பூப்போல ஓடியது. ராஜபாண்டி கும்பிட்டுவிட்டுப் போனார். சிராஜ் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

பேயாண்டிக்கு அவன் போன் செய்யவில்லை. இன்னொருவருக்கு விட்ட இடத்தைப் பற்றி என்னவென்று கேட்பது என்றான் நிலோபரிடம்.

வேறு ஆள் என்று அப்போது ஒருவருமே இருக்கவில்லை. தை பிறந்தும் வெகுநாள் அந்தக் கொட்டகை பூட்டியே கிடந்திருக்கிறது. பிற்பாடு பேயாண்டி வேறு யாரிடமோ சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது.

"அந்தப் பாய் தம்பி இதவிட நல்ல எடமாப் பாத்துப் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்," என்றார்.