தம்பிக்கு எழுதிய மரண சாசனம்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் முன், என் பெயரில் லுணுகலையில் இருந்த சிறிய வீட்டைத் தம்பிக்கு என்று மரண சாசனம் எழுதினேன். கணவர் அப்போதே இறந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். எனக்கு ஏதாவது ஆனால் அவன்தான் அவர்களை வளர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். அதற்குள் தம்பி குடிப்பழக்கத்தால் தன் வீட்டையே விற்றிருந்தான். ஆனாலும் அந்தச் சாசனம் என் நினைவுக்கு வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், பதுளைக்குப் போன பஸ் மழையில் சறுக்கி, முன்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்க நின்றது.

"யாரும் அசையாதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

கம்பியைப் பிடித்தபடி உறைந்திருந்தேன். நான் செத்தால் வீடு தம்பிக்கு. அவன் விற்றுவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

பின்கதவு வழியாக எங்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். வேறு பஸ் பிடித்து நேரே பதுளையில் சாசனம் எழுதிய நொத்தாரிசிடம் போனேன். அவர் பழைய பிரதியைப் பார்த்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா, இதுதாம்மா செல்லும்."

பிள்ளைகள் பெயருக்குப் புதிதாக எழுதினேன். தம்பியிடமும் நானே சொன்னேன்.

"என்மேல நம்பிக்கை போயிருச்சா அக்கா?" என்றான்.

இப்போது ஒவ்வொரு தைப்பொங்கலுக்கு மறுநாளும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்து, எழுதியது இன்றைக்கும் சரிதானா என்று வாசித்துப் பார்க்கிறேன்.