மார்கிட்டின் உப்புக் குடம்

லண்டன் மோர்டனில் தவமலரின் சமையலறைக்குள் போன எவரும் அந்த உப்புக் குடத்தைப் பழிக்காமல் திரும்பியதில்லை. மண் நிறம், கட்டைக் கழுத்து, அழகு மருந்துக்கும் இல்லை. செய்தவள் ஒரு நாட்டின் மேசைகளையே அழகாக்கியவள் என்றால் யார் நம்புவார்கள்?

லண்டனுக்கு வருமுன் தவமலருக்குச் சுவீடனில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. அங்கே அவள் குளிப்பாட்டி, உடுத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்தவள்தான் மார்கிட் எக்வால். 1950களில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் வடிவமைப்பாளர். அவள் வரைந்த நீல இலைக் கோப்பை இல்லாத வீடு அந்த நாட்டில் அபூர்வம். அவளுக்கோ அந்தக் கோப்பைகளைக் கண்டாலே எரிச்சல். பிள்ளைகுட்டிக்காரியின் கையிலிருந்து நழுவினாலும் உடையாத பாத்திரம் செய்ய வேண்டுமென்று பித்துப் பிடித்தவள்போல் அலைந்து, மண்ணைக் கல்லாகச் சுட்டு இந்தக் குடத்தைச் செய்தாள். முதலாளிமார் முன்னால் நிலத்தில் போட்டும் காட்டினாள். உடையவில்லை. "உடையாவிட்டால் இரண்டாவதை யார் வாங்குவது?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்களாம். அதனால் உலகத்தில் இது ஒன்றுதான். தவமலர் லண்டனுக்குக் கிளம்பியபோது அதைக் கையில் கொடுத்து, "அலுமாரியில் வைக்காதே, புழங்கு" என்றாள். அடுத்த மாரியில் கண்மூடினாள்.

இந்த வருஷம், பால் வாங்கக் கடைக்குப் போன தவமலரின் கணவர் பாலேந்திரா திரும்பி வரவில்லை. மாரடைப்பு.

செத்தவீட்டன்று, கொள்ளிக்குடத்துக்கு வாங்கிய மண்குடம் காருக்குள்ளேயே பிளந்துவிட்டது. பாலேந்திராவின் தம்பி பரமேஸ்வரன், ஆபத்துக்குப் பாவமில்லை என்று சமையலறைக்குள் ஓடி, உப்பைக் கொட்டிவிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்து வந்துவிட்டார். தகனசாலையில், மகன் சுஜீத்தின் தோளில்தான் தவமலர் அதைக் கண்டாள். புருஷனின் சடங்கை மறிக்கவும் முடியாது. மார்கிட்டின் குடம் நொறுங்குவதைப் பார்க்கவும் முடியாது. பாவி மைத்துனர், எடுக்குமுன் கேட்டிருக்கக் கூடாதா!

சுற்றுக்கு ஓர் ஓட்டை போட வேண்டும். பரமேஸ்வரன் கத்தியால் கொத்தினார். கத்தியின் முனைதான் வளைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் சுற்று முடிந்ததும் சுஜீத் திரும்பிப் பாராமல் குடத்தைப் பின்னால் போட்டான். டங்! தண்ணீரைக் கக்கிவிட்டு, கல்லுத் தரையில் உருண்டு உருண்டு, தவமலரின் காலடியில் வந்து நின்றது.

சனம் முணுமுணுத்தது. குடம் உடைந்தால்தானே போகிற உயிர் போகும்?

"திருப்பிப் போடு தம்பி, ஓங்கிப் போடு!" பரமேஸ்வரன் கத்தினார்.

தவமலர் குனிந்து குடத்தைத் தூக்கினாள். விளிம்பில் நகத்தளவு சில்லுத்தான் போயிருந்தது.

"அண்ணி, கொள்ளிக்குடத்தை வீட்டை கொண்டு போகேலாது!"

"போகமாட்டனெண்டு மனுஷன் என்ரை காலடியில வந்து நிக்கிறார். இன்னும் என்னெண்டு அடிச்சுக் கலைக்கிறது?" என்றாள். "நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஈரக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஒருவரும் மறிக்கவில்லை.