துளி பச்சையான பகல்

தகட்டின் மேல் ஒரு துளி நீர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நிறமணிகள். சூடு ஏற ஏறத் துளி சிவந்து, பச்சையாகி, நீலமாகும். வெப்பமானியை விட்டால் துளி உடைந்துவிடும். அதனால் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வதுதான் பதுளைப் பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு. எந்த நிறத்துக்கு எத்தனை பாகை என்ற அட்டவணையை, நான் விரிவுரைக்குப் போன நேரமெல்லாம் ஆய்வுகூட அக்காதான் அளந்து எழுதினார். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவர். தற்காலிக வேலை, அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது.

அட்டவணையை வைத்து அளந்தால், தகட்டைவிட அதன்மேல் இருந்த துளி சூடாக இருந்தது! அடுப்பைவிடச் சட்டி சூடு என்றால் யார் நம்புவார்? அப்படியே கொடுத்தால் நான் பெயில். மணிகள்தான் பழுது என்று சாதித்தேன். ஆய்வை மேற்பார்த்த சேரும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

அப்போது அக்கா முன்னால் வந்தார். "சேர், கலர் பொய் சொல்லல. நான்தான் ஜன்னலத் தொறந்து வச்சிருந்தேன். புக்குல மூடியிருக்குன்னு எழுதிட்டேன்."

ஆடி மாதக் கச்சான் காற்று. அது பட்டுத் துளி ஆவியாகித் தகட்டைவிடக் குளிர்ந்திருக்கிறது. அக்கா அந்த நிறத்துக்கு நேரே தகட்டின் சூட்டை எழுதியிருக்கிறார். மூடிய அறையில் நான் அளந்தபோது அட்டவணை துளிக்குக் கூடுதல் சூட்டைச் சொல்லிவிட்டது. ஏன் திறந்தாய் என்று சேர் கேட்டார்.

"தகட்டுல பூசுற பசை வாடைக்குக் கொமட்டுச்சு சேர். எனக்கு இப்ப மூணு மாசம்."

வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த செய்தி அது. நானோ, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா!" என்று கத்தினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் கோபிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, எலுமிச்சங்காயை மூக்கருகே பிடித்தபடி மூன்று நாள் என்னோடு நின்று மறுபடி அளந்தார். துளியும் தகடும் ஒத்துப்போயின.

அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நான் நம்பவில்லை.

இன்று நானும் விரிவுரையாளர். என் ஆய்வறிக்கையின் நன்றிப் பக்கத்தில் சேர் இருக்கிறார், அம்மா அப்பா இருக்கிறார்கள், கதிர்காமக் கந்தன்கூட இருக்கிறார். அக்கா இல்லை. போன வாரம் தொலைபேசியில் அக்காவிடம் அதைச் சொல்லி அழுதுவிட்டேன். நான் எழுதும் இந்தக் கதையிலாவது உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கு தங்கச்சி? அன்னைக்கு நீங்க பாஸாகிட்டீங்கல்ல" என்றார். பின்னால் அவர் மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.