திங்கட்கிழமை மீன் இல்லை

துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நிலக்கரி யார்டு வேலை அன்று காலையோடு முடிந்தது. இருமுகிறவன் வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். தோளில் பை, பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. பசித்தபோது சாலையோரத்து மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன்.

கடையை நடத்தியவர் கழுத்தில் ஜெபமாலை போட்ட ஓர் அக்கா. இலையில் சோறு, சாம்பார், கத்திரிக்காய் கூட்டு வைத்தார்.

“மீன் கடைன்னுல்லா போர்டு இருக்கு?” என்று கேட்டேன்.

“நீயும் ஆரம்பிச்சிட்டியாலே? இன்னைக்கு என்ன கெழம?”

திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூசை நாள். படகுகள் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை பிடித்து ஐஸில் கிடந்த மீனை அக்கா வாங்கமாட்டார். ஆற்றங்கரை நெல் ஊரில் பிறந்த எனக்கு இது அன்றுதான் தெரிந்தது. கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால், கடையில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. முந்தின திங்கட்கிழமை வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சாப்பிடாமலே போய், போன் மேப்பில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, “மீன் கடையில் மீன் இல்லை, ஏமாற்று” என்று எழுதிவிட்டார்.

அக்கா சும்மா விட்டிருக்கலாம். போனில் மைக்கை அழுத்திப் பதில் பேசினார். பேசியதெல்லாம் அப்படியே எழுத்தாக ஏறிவிட்டது. எனக்குக் காட்டினார். “ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாத மூதி, ஒனக்கு மீனு ஒரு கேடாலே?” என்று தொடங்கி, அந்த வெளியூர்க்காரருடைய அம்மை அப்பன் வரைக்கும் போயிருந்தது. அது ஊர் குரூப்புகளில் சுற்றி, துறைமுகத்துச் சரக்கு ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றுக்கும் எட்டியது. அந்த ஆபீஸுக்குப் போகும் மதியச் சாப்பாட்டில்தான் கடை ஓடியது. இனி வேண்டுமா என்று சாயங்காலம் சொல்வதாகக் காலையில் போன் வந்திருந்தது.

“அது போச்சுன்னா கடையப் பூட்ட வேண்டியதான்,” என்றபடி எனக்கு இன்னொரு கரண்டி கூட்டு வைத்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் ஒரு பனியன் கடையில் இருந்தபோது முதலாளிக்காகப் போனில் சரக்கைப் படம் எடுத்துப் போட்ட பழக்கம் உண்டு. “மொதல்ல திட்டுனத அழிங்கக்கா,” என்றேன்.

“நான் சொன்னதுல என்னலே தப்பு?”

“தப்பில்ல. அம்மை அப்பன மட்டும் விட்டிருக்கலாம்.”

சிரித்துவிட்டார். “கரிக் கையோட தொடாத, கழுவிட்டு வா,” என்று போனைத் திறந்து கொடுத்தார். எங்கிருந்து வந்தவன் என்றுகூட அதுவரை என்னைக் கேட்டிருக்கவில்லை.

கவிழ்த்து வைத்திருந்த மீன் சட்டியைப் படம் எடுத்தேன். “நேற்று ஞாயிறு, படகு போகவில்லை. பழைய மீன் வாங்குவதில்லை. இன்று சாம்பார், கத்திரிக்காய் கூட்டு. நாளை மீன் உண்டு” என்று எழுதி, கடைப் பக்கத்திலும் அக்காவின் ஸ்டேட்டஸிலும் போட்டேன். திட்டியதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெளியூர்க்காரரிடம் கோபத்தில் பேசியதற்கு மன்னிப்பு கேட்டு எழுதினேன்.

“வந்தா சீலா மீன் வறுத்துத் தாரேன்னும் போடு,” என்றார் அக்கா. போட்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் வைத்தார்.

“சட்டி படம் பாத்தேங்க்கா,” என்றார் ஆபீஸ்காரர். “எல்லாக் கடைக்காரனும் இருக்கத காட்டுதான், நீங்க இல்லாதத காட்டுதீய. நாளைக்கு வழக்கம்போல அனுப்புங்க. திங்கக்கெழம மட்டும் ஆளுக்கு ஒரு முட்ட வைங்க, புண்ணியமாப் போவும்.”

அக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஒற்றை நட்சத்திரம் மட்டும் மாறவில்லை. என் சாப்பாட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை; படுக்க பெஞ்சும், இருமலுக்குச் சுக்குத் தண்ணீரும் கிடைத்தன. பல ஊர்களில் படுத்து எழுந்திருக்கிறேன். அந்த பெஞ்சை மறக்க முடியவில்லை.

விடிந்ததும் கடற்கரை ஏலத்துக்கு அக்காவின் பின்னால் கூடையோடு போனேன். சீலா ஒன்றை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினார். நல்ல சிவப்பு.

“எடுலே படத்த. என் மூஞ்சி விழக்கூடாது, மீனு மட்டும்.”

எடுத்துப் போட்டேன். தினமும் கூடை சுமப்பது, மீன் கழுவுவது, காலையில் ஒரு படம் போடுவது. மீன் இல்லாத நாளில் சட்டியைப் போடுவது. அதுதான் வேலை என்றார். சரி என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.