எபனேசர் மாஸ்டர் எடுத்துப்போன தூண்

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓவியம் கற்பித்த எபனேசர் மாஸ்டர் காலமாகிவிட்டார். போனை என் மனைவி ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்போ நம்ம தூணு?" என்று கேட்டாள்.

எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். பழைய மாணவர் மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகள் இருக்கின்றன, தருகிறேன். ஆனால் நானும் அவரும் பதினொரு ஆண்டுகள் பகையாக இருந்தது பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும். அவரை என் ஆருயிர் நண்பர் என்று எழுதினால், மீதி வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. தலைமையாசிரியர் எங்கோ ஏலத்தில் ஒரு பழைய நாற்காலி எடுத்து வந்தார். முதுகு முழுக்கக் கோயில் கோபுரம் போலச் செதுக்கியிருந்தது. நாங்கள் எல்லோரும் பாராட்டினோம். எபனேசர் மாஸ்டர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கால்களுக்கு நடுவே வரிசையாக நின்ற குட்டித் தூண்களை விரலால் தட்டி, "இது எதைத் தாங்குது?" என்றார். "எடுத்தா எதாச்சும் விழுதா? விழலன்னா அது தூண் இல்ல சார், மேக்கப்பு."

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சிவாஜிநகர் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால், கூரையையே அவர்தான் தாங்குவதுபோலத் தெரியும். அவர் இறங்கிப்போன பிறகும் கூரை அங்கேயே இருக்கும். பழைய மரச்சாமான்களில் இருக்கும் தூணும் வளைவும் கோபுரமும் பெரும்பாலும் அந்தப் பயணியைப் போலத்தான். கட்டடத்தைப் பார்த்துச் செய்தவை, ஆனால் கட்டடத்தின் வேலையைச் செய்யாதவை. மாஸ்டருக்கு இது ஒரு குற்றமாகவே பட்டது.

அந்தக் கண்ணால் பள்ளிக்கு நன்மையும் நடந்தது. கிழக்கு வராந்தாவின் தூணில் கூரையின் பாரம் இறங்கவில்லை என்று சொல்லி, ஆறாம் வகுப்பை அங்கே உட்காரவைக்க மறுத்தார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த மழையில் அந்தக் கூரையின் காரை மொத்தமாக விழுந்தது. கீழே பிள்ளைகள் யாரும் இல்லை. இதை நான் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

இனி எங்கள் அலமாரி. ஸ்டெல்லாவின் அப்பா ஒரு பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பங்களாவை இடித்தபோது அந்த அலமாரியை அவருக்குக் கொடுத்தார்கள். சர்ச்சின் முகப்பை அப்படியே மரத்தில் இறக்கியதுபோல இருக்கும். கூர்முனை வளைவுக் கதவுகள், அவற்றின் மேல் இதழ் இதழாக ஒரு வட்டச் சன்னல், இரண்டு பக்கமும் தூண் வைத்த கோபுரங்கள். ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்தது என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் ஸ்டெல்லா.

எங்கள் சபையின் ஆண்டுவிழாவில், குடும்பங்களின் பழைய பொருள்களை ஹாலில் வைத்தார்கள். நாங்கள் அலமாரியைக் கொண்டுபோனோம். "ஒரே கை, ஒரே மரம்" என்று அட்டையில் அழகாக எழுதி வைத்தது நான்தான். வாத்தியார் புத்தி, எதையும் நிச்சயமாகச் சொல்லிவிடும்.

எபனேசர் மாஸ்டர் வந்தார். அட்டையைப் படித்தார். இடப்பக்கத் தூணைப் பிடித்து லேசாகத் திருகினார். அது அவர் கையோடு வந்துவிட்டது. கோபுரம் அசையவில்லை. தூணை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சார், இது கட்டில் கால். சர்ச்சுக்குக் கட்டில் கால் வச்சிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சபைப் போதகர் ஐயரும் சிரித்தார். ஸ்டெல்லா அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் தூணைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரைஞ்சு பாத்துட்டுத் தரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டெல்லா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, "அவர் சொன்னது கரெக்டுதான்" என்றாள். "கைவண்டில வரும்போது முன்பக்கத் தூண் ரெண்டும் ஒடஞ்சிருக்கும். அப்பா கட்டில் காலை அறுத்து வச்சிருக்காரு. எனக்கு அஞ்சு வயசு. அதுக்கப்புறம் அப்பாவும் அம்மாவும் பாய்லதான் படுத்தாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

அவர் சொன்னது உண்மை. அதனால் எனக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. உண்மையை என் காதோடு சொல்லியிருக்கலாம். என் மனைவியின் தாயார் படுத்த கட்டிலின் காலை அவர் ஊர்ச் சிரிப்புக்குக் காட்டினார், எடுத்தும் போனார்.

பல முறை கேட்டேன். முதலில் "இன்னும் வரைஞ்சு முடியல" என்றார். பிறகு, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார். கடைசியாகக் காய்கறிக் கடையில், நாலு பேர் முன்னால், "தாங்காத தூணுக்கு ஏன் சார் இவ்ளோ பேஜார் பண்ணிக்கிறீங்க?" என்றார். அன்றோடு நான் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். ஸ்டெல்லா மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அலமாரியைத் துடைக்கும்போது, தூண் இல்லாத இடத்தையும் சேர்த்துத் துடைப்பாள்.

புதன்கிழமை அடக்கத்துக்குக் கிளம்பும்போது, "சாவு வீடுன்னு கூச்சப்படாம கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். பெட்டிக்குள் மாஸ்டரின் ஒரு புருவம் சற்று உயர்ந்தே இருந்தது. பெட்டியையும் குறை சொல்லப் போகிறவர்போல இருந்தார். கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் காபி குடிக்கும்போது, அவருடைய மகள் கிரேஸிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்பா சொல்லிருக்காங்க அங்கிள். நீங்க வந்து கேட்டா குடுத்துரணுமாம். கேக்கலன்னா நானா குடுக்கக் கூடாதாம்."

அவருடைய அறைக்கு அழைத்துப் போனாள். புத்தகம் அடுக்கிய நீளப் பலகை ஒன்று நடுவில் தொய்ந்திருந்தது. அதன் அடியில் எங்கள் தூண் முட்டுக்கொடுத்து நின்றது. நான் அதை உருவினேன். பலகை தாழ்ந்தது, புத்தகங்கள் சரிந்து என் காலில் விழுந்தன. எடுத்தேன், விழுந்தது. கிரேஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே தள்ளினாள். நானும் அவளும் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைத் திரும்ப அடுக்கினோம். தூணின் ஓவியம் ஒன்றுகூட அங்கே இல்லை.

ஆட்டோவில் வரும்போதுதான் கவனித்தேன். அடியில் மரத்திலேயே கடைந்திருந்த கடைசி வளையத்தைக் காணோம். பலகையின் உயரத்துக்காக அறுத்திருக்கிறார். வீட்டில் அதன் இடத்தில் நிறுத்தினோம். தூணுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லா என் சட்டைப் பையிலிருந்து அடக்க ஆராதனைத் தாளை எடுத்தாள். முன்பக்கத்தில் மாஸ்டரின் படம். அதை மடித்து, மேலும் மடித்து, இன்னும் போதாமல் என்னிடமிருந்த இன்னொரு தாளையும் சேர்த்து மடித்து, அந்த இடைவெளியில் கட்டைவிரலால் அழுத்திச் செருகினாள். வெளியே அவருடைய நெற்றியும் அந்தப் புருவமும் தெரிந்தன.

"இருக்கட்டும்" என்றாள்.

மாஸ்டர், உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நன்றி சொல்கிறேன். போய் வாருங்கள். ஒன்றை மட்டும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நேற்று ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்தபோது, அந்தத் தாளை உருவிப் பார்த்தேன். தூண் சாய்ந்துவிட்டது. உடனே உங்களைத் திரும்பச் செருகிவிட்டேன்.